ஆபீஸுக்கு இடம் கொடுக்காத பூனை

"ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் எப்படிடீ குடியிருக்கும்? வாடகைக்கா?" என்று எதிர்வீட்டுச் சித்தி ஒருமுறை என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் 'வீடா, ஆபீஸா?' என்று கேட்கும். 'வீடு' எல்லோருக்கும். 'ஆபீஸ்' அக்காவுக்கு மட்டும்; கட்டட வரைபடம் போடும் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். அந்த ஆபீஸ் முழுவதும் ஒரே ஒரு பெரிய ஃபைலாக 'வீட்டு'க்குள் இருந்தது. விர்ச்சுவல் டிஸ்க் என்பார்கள்.

அன்று காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கவில்லை. நீலத் திரை ஒன்று மின்னி மறைந்தது. மறுபடியும் 'வீடா, ஆபீஸா?'

பன்னிரண்டு மணிக்குள் அக்கா ஒரு மாடிவீட்டின் படத்தை இன்ஜினியருக்கு அனுப்பியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இது தாமதமானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். படத்தில் படிக்கட்டு மட்டும்தான் பாக்கி.

"அப்படியே அனுப்பிடேன். ஏணி வச்சு ஏறட்டும்," என்றாள் சித்தி, மடியில் பூனையோடு.

"சித்தி, கொஞ்சம் சும்மா இருக்கியா!"

அக்கா கூப்பிட்ட கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "ஃபார்மட் போட்டுடலாம்," என்றார். மிக்ஸி கெட்டுப்போனாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

"போட்டா படம் போயிடுமே அண்ணா!"

"படம் போகும். கம்ப்யூட்டர் இருக்கும்ல?"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் நான்கு தடவை ஆபீஸைத் திறந்தேன். நீலத் திரை மின்னும்போதெல்லாம் இரண்டு மூன்று வார்த்தைகளைப் பிடித்து ஒரு தாளில் எழுதி, மெக்கானிக்கின் முழங்கைக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

"அட, இடம் பத்தலையாம்!" என்றார் அவர்.

"அந்த ஃபைல் நாப்பது ஜிபிதானே? அது ஏற்கெனவே உள்ளதானே இருக்கு?" என்றாள் அக்கா.

"பாய் மாதிரிம்மா. சுருட்டி வச்சா மூலையில நிக்கும். படுக்கணும்னா விரிக்கணும்ல? இது விரிச்சா நூத்திருபது. இன்னும் எம்பது வேணும், காலியா இருக்கிறது இருபத்தஞ்சு. மீதியில எவன் படுத்திருக்கான்?"

படுத்திருந்தது பூனை. போன் நிரம்பும்போதெல்லாம், நேற்று ராத்திரிகூட, சித்தி இங்கே கொண்டுவந்து கொட்டிய வீடியோக்கள், மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் அது தூங்கிக்கொண்டிருந்தது.

"வேற எதிலயாவது ஏத்திடுங்களேன்," என்றாள் சித்தி.

"ஏத்தி முடிக்க ரெண்டு மணி நேரமாகும். இப்பவே மணி பதினொண்ணு."

சித்தி அக்காவைப் பார்த்தாள். "சரி. என் கையாலயே அழிக்கிறேன். எல்லாரும் திரும்பிக்குங்க."

நாங்கள் சுவரைப் பார்த்து நின்றோம். மெக்கானிக்கும்தான். பின்னால் மவுஸ் நாலைந்து முறை சொடுக்கியது.

"முடிஞ்சுது," என்று சித்தி கண்ணைத் துடைத்தாள்.

ஆபீஸைத் திறந்தால் மறுபடியும் நீலம்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று மெக்கானிக் உற்சாகமாகப் பையைத் திறந்தார். அக்கா நகத்தைக் கடித்தபடி, சரி என்று தலையாட்டப் போனாள்.

நான் 'வீட்டை'த் திறந்து ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்தேன். ஒன்றில் கண் நின்றது.

"சித்தி," என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். காது சுட்டது. "வாஷிங் மெஷினுக்கு அறுபது ஜிபி வாரண்டியா?"

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினே கிடையாது.

அக்கா அந்தப் பெயர் போட்டிருந்த ஃபோல்டரைத் திறந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டும் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"சித்தி!"

"அதை யாரும் திறந்து பார்க்க மாட்டீங்கன்னு..." சித்தியின் குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு வச்சுக்கட்டுமா?"

"சீக்கிரம் எடு!"

சித்தி எடுக்க ஆரம்பித்தாள். இடது பக்கம் திரும்பித் தூங்குவது, வலது பக்கம் திரும்பித் தூங்குவது, வாயைத் திறந்துகொண்டு தூங்குவது. மணி பதினொன்று முப்பத்தைந்து.

"இதுல மூக்கு துடிக்குது பாருங்க," என்றாள்.

"நல்லாத்தாம்மா துடிக்குது," என்றார் மெக்கானிக், குனிந்து பார்த்து.

பதினொன்று நாற்பது. சித்தி மவுஸை அக்காவின் பக்கம் தள்ளினாள். "என்னால முடியல. எல்லாத்தையும் அழிச்சிடு."

இந்தத் தடவை யாரும் திரும்பிக்கொள்ளவில்லை. அக்கா அழித்தாள். ஆபீஸ் திறந்தது. அவள் வரைந்த வேகத்தில் முதலில் படிக்கட்டு சமையலறைக்குள் போய் முடிந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். 'கிடைத்தது, நாளை காலை ஒன்பதுக்கு வரவும்' என்று இன்ஜினியரிடமிருந்து பதில் வந்தது.

"சித்தி, நீ தெய்வம்!" என்று அக்கா கையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

சித்தி அவளைப் பார்க்கவில்லை. மடியில் தூங்கிய பூனையை அலுங்காமல் தூக்கித் தோளில் சாய்த்தாள். மற்றொரு கையால் போனை எடுத்து அதன் முகத்துக்கு நேரே பிடித்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பிறகு அப்படியே படம் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து தன் வீட்டுக்குப் போனாள்.