இன்னைக்கு எந்த ஊரு, மிஸ்?

இந்துப்ரியாவும் நானும் காலேஜ்ல ஒண்ணா பாட்டு படிச்சவங்க. நான் விளாங்குடி வீட்டு ஹால்லயே கிளாஸ் எடுக்குறேன். அவ ஊர் ஊரா சுத்திக்கிட்டே ஆன்லைன்ல எடுக்குறா. புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் அவகிட்டயேதான் சேருதுக.

அப்படி என்னத்தைக் கிழிக்கிறான்னு பார்க்க, வேற பேர்ல, கேமராவை அணைச்சுட்டு அவ கிளாஸுக்குள்ள நுழைஞ்சேன்.

"இன்னைக்கு எந்த ஊரு, மிஸ்?"ன்னு பிள்ளைங்க கத்துச்சுக. அவ போனைத் திருப்பி கொடைக்கானல் மேகத்தைக் காட்டினா. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

பாட்டு ஆரம்பிச்சுச்சு. ஒரு பொண்ணு 'நி' ஸ்வரத்தை அசைக்காம தட்டையா பாடுச்சு. இந்து கண்டுக்கவே இல்ல.

"நி-யை அசைச்சுப் பாடுடி!"

என் வாய்தான். மைக்கை அணைக்க மறந்திருக்கேன்.

"ரம்யா, நீயா?" இந்து சிரிச்சா. "நல்லவேளை! இங்க சிக்னலே இல்ல, பிள்ளை பாடுறது எனக்குச் சரியாவே கேக்கல. மீதியை நீயே எடுத்துரு."

போயிட்டா. நான் கேமராவைப் போட்டு உயிரைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பொண்ணும் அழகா பாடிருச்சு.

"ஏதாச்சும் சந்தேகம் இருக்கா?"ன்னு பெருமையா கேட்டேன்.

"நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க, மிஸ்? காட்டுங்க!"

போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிஞ்சுச்சு.

"விளாங்குடி"ன்னேன்.

"இந்து மிஸ் எப்ப வருவாங்க?"