எட்டு விரல் தலைவர்

என் புருஷனின் முதல் விரல் ஒரு பாதிரியாருக்குப் போனது. இரண்டாவது ஒரு தலைமையாசிரியருக்கு. இருவரும் நல்ல மனிதர்கள். அவர்கள் செய்த ஒரே தப்பு, ஃபுஃபு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவரிடம் மரியாதையாகக் கை நீட்டியதுதான்.

எங்கள் ஊர் அபோமா, குமாசி போகிற சாலையில் இருக்கிறது. அஃப்ராகோமா மேடத்தின் சாப்பாட்டுக் கடையில் நான் ஃபுஃபுவுக்கு இறைச்சிச் சாறு ஊற்றுகிறவள். என் புருஷன் அஜேய் இயந்திரம் ஓட்டுகிறவர். அவித்த மரவள்ளியையும் வாழைக்காயையும் மேலே இருக்கிற இரும்பு வாயில் போட்டுக் கையால் அழுத்த வேண்டும். உள்ளே திருகு சுற்றும். கீழே மாவாக வருவதை எடுத்து மறுபடி அதே இரும்பு வாயில் போட வேண்டும். நாலு தடவை இப்படிச் செய்தால்தான் ஃபுஃபு என்கிற எங்கள் களி தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

வேலை செய்கிறவரைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. "வேலை, வேலை" என்பார்கள். "வேலை நல்லது" என்று பதில் சொல்ல வேண்டும். பெரியவராக இருந்தால் கையும் நீட்டுவார். அதைப் பிடிக்காமல் விட்டால் அவமானம். இடது கையைக் கொடுத்தால் அதைவிடப் பெரிய அவமானம். மதிய நேரத்தில் இயந்திரத்தை நிறுத்த மேடம் விடமாட்டார். அதனால் அஜேய் வலது கையைத் துடைத்துப் பெரியவருக்குக் கொடுப்பார், இடது கையால் மாவை அழுத்துவார். கண் பெரியவரின் முகத்தில் இருக்கும். மரியாதை என்றால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இரண்டாவது விரல் போன அன்று மேடம் ஓடிவந்து, "அந்த ஒரு சட்டி மாவுல மட்டும்தானே?" என்று கேட்டார். அந்த ஒரு சட்டியில் மட்டும்தான் என்றோம். நிம்மதியாக மூச்சு விட்டார். அவர் தலையில் சாற்றைக் கவிழ்க்காமல் என் கையை நான் எப்படி அடக்கினேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பிறகு தொழிலாளர் அலுவலகத்திலிருந்து லாம்ப்டே என்கிற அதிகாரி வந்தார். இரும்பு வாயை அளந்தார். வாய்க்கு மேல் கம்பி வலை பொருத்த வேண்டும், கையால் அழுத்தாமல் கட்டையால் அழுத்த வேண்டும் என்று கடிதம் எழுதினார். மூன்று கடிதம். மேடம் மூன்றையும் மடித்து, ஆடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் காலுக்கு அடியில் செருகினார்.

"வலை அக்ராலேருந்து வரணும், டுஃபியே. அதுக்கெல்லாம் மாசக்கணக்காகும்" என்றார் என்னிடம். "அதோட வலை போட்டா கொஞ்சம் கொஞ்சமாத்தான் போட முடியும். பன்னெண்டு மணிக்கு லாரிக்காரங்க வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ?"

லாம்ப்டே அலுத்துப்போய், பேச்சுக் கொடுப்பதையாவது நிறுத்துங்கள் என்று ஒரு பலகை மாட்டிவிட்டுப் போனார். 'இயந்திரம் ஓட்டுபவருக்கு வணக்கம் சொல்லாதீர்கள்.'

பலகை நான்கு நாள் தாங்கியது. வந்தவர்கள் அதைப் படித்தார்கள், அஜேயைப் பார்த்தார்கள், முகம் சுருங்கி எதிர்க் கடைக்குப் போனார்கள். "ஒரு மெஷினுக்கு முன்னாடி உக்காந்ததும் இவனுக்கு இவ்வளவு திமிரா?" என்று ஊர் பேசியது. அஜேய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் யாரோ கிழவர் தயங்கித் தயங்கி எதிரே நின்றதும் இவரே எழுந்து, "ஐயா, கையைக் கொடுங்க" என்று இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை நீட்டினார். நான் பாய்ந்து போய் மின்சாரச் சொருகியைப் பிடுங்கினேன். விரலுக்கும் திருகுக்கும் நடுவில் ஒரு பிடி மாவுதான் இருந்தது.

மூன்றாவது விரலும் போய்விடும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை.

வழி சொன்னவர் பாத்திரம் கழுவுகிற ட்வும். முன்பு லாரி நிலையத்தில் ஊர் பெயர் கூவிக்கொண்டிருந்தவர். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல்.

"நம்ம ஊர்த் தலைவர்கிட்ட யாராவது நேரா பேசறாங்களா?" என்றார் ட்வும். "பக்கத்துல கோல் பிடிச்சு நிக்கிறவர்கிட்டத்தான் சொல்றாங்க. தலைவர் வாயே திறக்கறதில்ல. கோல்காரர்தான் பதில் சொல்றார். யாருக்காவது கோவம் வருதா? அண்ணனுக்கும் ஒரு கோல்காரரை வச்சிடுவோம்."

"கோலுக்கு எங்க போறது?"

"உலக்கை இருக்குல்ல."

மறுநாள் ட்வும் வேட்டித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, உலக்கையை நட்டுக்கொண்டு, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் வந்த லாரிக்காரர், "வேலை, வேலை" என்றார்.

"உங்க வார்த்தை அவர் காதுக்குப் போயிடுச்சு" என்றார் ட்வும் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி. "வேலை நல்லதுன்னு சொல்றார். வழிப்பயணம் எப்படின்னு கேக்கறார்."

அஜேய் எதுவும் கேட்கவில்லை. அவர் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்.

ஐந்து வாரம் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நம் ஆட்கள் எதையும் அளவோடு நிறுத்துவார்களா? கோல் இருக்கிற இடத்தில் செருப்போடு நிற்பதா என்று ஒருவர் செருப்பைக் கழற்றினார். அடுத்தவர் தோள் துணியை இறக்கினார். கூரை ஒழுகியதால் ஒரு பெரிய குடையை விரித்து வைத்தோம். அது தலைவர் குடை ஆகிவிட்டது. இரண்டு பெண்கள் ஓர் ஆடு யாருடையது என்கிற சண்டையைக் கொண்டுவந்து இயந்திரத்தின் முன் வைத்தார்கள். அஜேய் மாவை அழுத்தியபடி, "ஆட்டையே கேளுங்க" என்று முனகினார். ட்வும் அதைக் கால்மணி நேரத் தீர்ப்பாக விரித்துச் சொன்னார். இருவரும் சமாதானமாகிப் போனார்கள்.

வீட்டிலும் அது தொற்றியது. "ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் மனுஷன் ஒரு பக்கமாகத் திரும்பி, இல்லாத ட்வுமைத் தேடினார். நாலு வார்த்தை திட்டியபிறகுதான் இறங்கிவந்தார்.

ஆறாம் வாரம் ஊர்த் தலைவரின் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. அபோமாவில் இரண்டு கோல்காரர்கள் எப்படி என்று கேள்வி. கடையில் வேலை செய்கிற எல்லோரும் வர வேண்டும், மேடமும் வர வேண்டும்.

முற்றத்தில் வரிசையாக நின்றோம். தலைவர் பேசவில்லை. அவருடைய கோல்காரர், வறண்ட முகமுள்ள பெரியவர், அஜேயின் முன் வந்து நின்றார்.

"கையைக் காட்டு."

அஜேய் காட்டினார்.

"எட்டு" என்றார் பெரியவர். முற்றம் முழுக்க முணுமுணுப்பு. எங்கள் ஊரில் உடம்பில் குறை உள்ளவர் தலைவர் இருக்கையில் உட்கார முடியாது. "ஒரு நகம் குறைஞ்சவன்கூட உக்கார முடியாது. இவனை யார் உக்கார வச்சது?"

"யாரும் உக்கார வைக்கல ஐயா. ஃபுஃபு அரைக்கத்தான் உக்காந்தார்" என்றேன் நான்.

"கோல் நின்னு பேசிடுச்சு. முன்னோர் கேட்டுட்டாங்க. அவங்க கேட்டதை இல்லைன்னு சொல்ல முடியாது. அந்தக் கோலை முறையா இறக்கறதுன்னா அடுத்த திருநாள்லதான் இறக்கணும். நாப்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் அந்த இடத்துல முழு உடம்புள்ள ஆள்தான் உக்காரணும். அதுவும் வெளியாள் கூடாது. அதே அடுப்புல சாப்பிட்டவங்களா இருக்கணும்."

சொல்லிவிட்டு வரிசையின் முதலிலிருந்து வந்தார். ட்வும் கையை நீட்டினார். கட்டைவிரல் பாதிதான்.

"இது எங்க?"

"மிளகாய் அரைக்கிற மெஷின்ல, ஐயா."

அடுத்து சமையற்காரி அமோவாகோவா. இரண்டு விரல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

"இது?"

"எண்ணெய்ச் சட்டி, ஐயா."

அடுத்து நான். என் ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. நானே மறந்துபோயிருந்தேன்.

"எலும்பு வெட்டற மெஷின்ல" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு பேரும் கையை நீட்டியபடி, சாமான் விற்கிறவர்கள் போல நின்றிருந்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே கடையில் இத்தனை நாள் சேர்ந்து வேலை செய்திருக்கிறோம், ஒருவர் கையை ஒருவர் இப்படிப் பார்த்ததே இல்லை.

பெரியவர் வரிசையின் கடைசிக்குப் போனார். மேடம் கையைத் துணிக்குள் மறைத்திருந்தார்.

"காட்டும்மா."

பத்து விரல். பத்து நகமும் சிவப்புச் சாயத்தோடு, ஒரு கீறல் இல்லாமல். எங்கள் சமையலறையில் முழுதாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"நான் முதலாளி, ஐயா" என்றார் மேடம் மெல்ல.

"அதுதான் பொருத்தம்" என்றார் பெரியவர்.

மறுநாள் காலை மேடம் குடைக்கு அடியில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். ட்வும் உலக்கையோடு நின்றார். பார்க்க ஊரே வந்திருந்தது. நான் சொருகியை மாட்டினேன். திருகு சுற்ற ஆரம்பித்ததும் மேடம் எட்டி இரும்பு வாய்க்குள் பார்த்தார். வாழைக்காய்த் துண்டு ஒன்றை நுனிவிரலால் எடுத்து, இரண்டு அடி தள்ளியிருந்து உள்ளே எறிந்தார். அது வெளியே விழுந்தது. இன்னொன்றை எறிந்தார். அதுவும் விழுந்தது.

"கையால அழுத்தணும், மேடம்" என்றார் அஜேய். ஏளனமாகச் சொல்லவில்லை, அவர் சுபாவம் அப்படி. வேலை சொல்லிக்கொடுத்தார்.

மேடம் கையை இரும்பு வாயின் விளிம்புவரை கொண்டுபோனார். கூட்டத்திலிருந்து யாரோ, "வேலை, வேலை" என்றார்கள். மேடம் வெடுக்கென்று கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நிறுத்து. டுஃபியே, நிறுத்து. அந்த வலை, அதை இங்க யாரு செய்வா?"

"அக்ராலேருந்துல்ல வரணும், மேடம்?" என்றேன்.

"வாயை மூடு. தெரு முனையில இருக்கற வெல்டரைக் கூப்பிடு."

வெல்டர் வந்து அளந்தார். கம்பிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டார். ஒரு விரல்கூட நுழையக் கூடாது என்றார் மேடம், நுழையக் கூடாது, நுழையவே கூடாது என்று மூன்று தடவை. அஜேய் பக்கத்தில் நின்று அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், மூன்று விரல் உள்ள கையால்.

மேடம் உட்கார்ந்தது பத்தரைக்கு. வலை பொருத்தி முடித்தபோது மணி ஒன்றேகால். என் புருஷன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது ஒன்பது வருஷம்.