பவுடர் டப்பாவில் இருபத்தியொரு மாத்திரைகள்

என் கை நடுங்க ஆரம்பித்ததும் முதலில் ஓட்டம் பிடித்தவன் என் மச்சினன்தான். பதினைந்து வருஷமாக என் சலூனில் ஓசியில் சவரம் செய்துகொண்டவன், எதிர்க்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். கேட்டால், "கழுத்து ஒண்ணுதானே மாமா இருக்கு" என்கிறான்.

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. கத்தி பிடிக்க முடியாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதனால்தான், நடுக்கத்துக்கு ஒரு புது மாத்திரையை நாற்பது பேருக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

"சோதனை எலி ஆயிட்டீங்களா மாமா?" என்று சிரித்தான் மச்சினன்.

தினமும் காலையில் ஒரு மாத்திரை. போட்டதும் நோட்டில் ஒரு டிக். மாதம் ஒருமுறை நர்ஸ் முன்னால் உட்கார்ந்து காகிதத்தில் ஒரு சுருள் வரைய வேண்டும். நான் வரைந்த முதல் சுருளை நாய்கூட முகர்ந்து பார்க்காது.

மாத்திரை போட்டால் பத்து மணிக்கெல்லாம் கண் சொருகியது. ஒருநாள் கத்தரியும் கையுமாகத் தூங்கி விழுந்தேன். வாடிக்கையாளரின் காது தப்பியது அவர் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து கடையில் கூட்டமுள்ள நாள் மாத்திரைகள் கடையிலிருந்த பவுடர் டப்பாவுக்குள் போயின. நோட்டில் மட்டும் டிக் தவறவில்லை. "ஒரு நாள்கூட விடலையே, சூப்பர் அண்ணே!" என்று அந்த நர்ஸ் பெண் சிரிக்கும்போது உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

நான் மட்டுமில்லை. ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரே பேனா பெஞ்சு முழுக்கச் சுற்றும். பஸ் டிரைவரும் தையல்கார அக்காவும் முப்பது நாள் டிக்கையும் மூன்று நிமிஷத்தில் போட்டுவிடுவார்கள்.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் போன் செய்தாள். "நாளைக்கு எல்லாரும் வாங்கண்ணே. யாருக்குமே மாற்றம் தெரியலையாம். சோதனையை நிறுத்திடுவாங்க போலிருக்கு."

சோதனை நின்றால் என் கையும் கடையும் அதோடு போச்சு. "வாயை மூடிக்கிட்டு போய்ட்டு வாங்க, உண்மையைச் சொன்னா உங்களை மட்டும் துரத்திடுவாங்க" என்றாள் மனைவி. சரி என்று தலையாட்டிவிட்டு, கடைக்குப் போய் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் பேச ஆரம்பித்ததும் எழுந்து போய் மேஜைமேல் டப்பாவைக் கவிழ்த்தேன். பவுடர் புகையாகக் கிளம்பியது. இருபத்தியொரு மாத்திரைகள் உருண்டன. டாக்டர் மூன்று தும்மல் போட்டார்.

"மருந்து தோத்துப் போகலை டாக்டர். நாங்க ஒழுங்கா சாப்பிடவே இல்லை."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். "தூங்கிக்கிட்டே பஸ் ஓட்ட முடியுமா சார்?" என்றார். "எனக்கு ஊசி விரல்ல ஏறிடுச்சு" என்றார் அக்கா. பிறகு பாதிப் பேரின் பைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஏன் இவ்வளவு நாளா சொல்லலை?" டாக்டரின் முகம் சிவந்திருந்தது.

எனக்கும் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. "மாத்திரை போட்டீங்களான்னுதான் கேட்டீங்க. போட்டா வேலைக்குப் போக முடியுதான்னு யாராவது கேட்டீங்களா?"

அவர் மாத்திரைகளைக் கையால் ஒரு ஓரமாகத் தள்ளினார். பிறகு, "நியாயம்தான். இப்ப கேக்கறேன், சொல்லுங்க" என்று நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

ஒருவரையும் துரத்தவில்லை. மேலிடத்தில் அனுமதி வாங்கி, மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடச் சொன்னார்கள். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: 'போடவில்லையென்றால், ஏன்?'

நான்கு மாதம் கழித்து நான் வரைந்த சுருளைப் பழையதன் பக்கத்தில் வைத்தாள் நர்ஸ். அசல் கொசுவர்த்திச் சுருள்! வெட்கமில்லாமல் அழுதேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான் மச்சினன். நுரை தடவினேன். கத்தியை விரித்துக் கழுத்தில் வைத்தேன். கை கல்லாக நின்றது.

"மாப்ள, அன்னைக்கு என்னமோ சொன்னியே. எலியா?"

உதடு அசையாமல் சொன்னான்: "சிங்கம் மாமா."

ஒரே இழுப்பு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, மறு கன்னத்தையும் திருப்பிக் காட்டினான்.