மூன்றாம் பத்தி மறுக்கப்படுகிறது

1

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் கதை வந்தது. அன்றைக்கே அதை நாட்குறிப்பில் எழுதி மூடிவிட்டேன். கதையாக எழுதினால் பதில் கிடைக்குமோ என்று ஒரு நப்பாசை.

முதல் தொடக்கம்: "லிஃப்ட் விழுந்த சத்தம் தெருவரைக்கும்..." வேண்டாம். விபத்தில் தொடங்கினால் நீங்கள் இப்போதே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "என் அக்காவின் கணவர் நல்லவர்." இதுவும் வேண்டாம். அக்கா வீட்டில் சாப்பிடுகிறவள் சொல்லும் சாட்சி.

2

சரி, முறைப்படி வருகிறேன். மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கிறேன். வகுப்பில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதினேன். இடப்பக்கம் குற்ற வழக்கு: குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்க வேண்டாம், நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. வலப்பக்கம் உரிமையியல் வழக்கு: பிரதிவாதி பதில் சொல்லியே ஆக வேண்டும், மறுக்காததெல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு பக்கத்திலும் ஒரே ஆளை நிறுத்திப் பார்க்கும்வரை எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

அந்த ஆள் என் மாமா, அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் விழுந்து, அங்கே வேலை பார்த்த காவலாளி இறந்துபோனார். கவனக்குறைவால் மரணம் என்று போலீஸ் ஒரு வழக்குப் போட்டது. நஷ்டஈடு கேட்டுக் காவலாளியின் மனைவி இன்னொன்று போட்டாள். ஒன்றில் தோற்றால் சிறை. மற்றதில் தோற்றால் வீடு.

3

மாமா மெஷின் அறைக்கு ஏறும்போதெல்லாம் கூடவே வந்து டார்ச் பிடித்தவர் அந்தக் காவலாளி. அவருடைய கல்யாணத்துக்கு மாமாவும் அக்காவும் போயிருந்தார்கள். மணப்பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டதே அக்காதான். அவர்கள் குழந்தைக்குப் பழைய பேரிங்குகளை வைத்து மாமா ஓர் உருட்டுவண்டி செய்து கொடுத்தார்.

பிரேக் தேய்ந்திருந்ததை மாமா பார்த்தார். லிஃப்டை நிறுத்த வேண்டும் என்று சொன்னார். "ஆபீஸ் நேரம்யா, சாயந்தரம் பாத்துக்கலாம்," என்றார் கட்டட மேலாளர். மாமா ஸ்விட்சை அணைக்காமலே இறங்கி வந்தார். அன்று மதியம் காவலாளி

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. முடித்தால் அது வாக்குமூலம்.)

4

நஷ்டஈடு வழக்குக்கு வக்கீல் தயாரித்த பதிலுரையை மாமா விரல் வைத்துப் படித்தார். மூன்றாம் பத்தியில் விரல் நின்றது.

"'வாதி இறந்தவரின் மனைவி என்பதை இப்பிரதிவாதி ஒப்புக்கொள்ளவில்லை.' என்ன சார் இது? அந்தக் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்திருந்தவன் நான்."

"உக்காந்ததை நாம மறுக்கலையே," என்று வக்கீல் சிரித்தார். "எல்லாப் பதிலுரையிலயும் வர்ற வரிதான். அவங்க சர்டிபிகேட்டைக் காட்டிட்டுப் போகட்டும். நமக்கென்ன?"

"அவங்ககிட்ட ஒரு தடவ மன்னிப்பு கேக்கணும் சார்."

"தாராளமா கேளுங்க. எதுக்கு மன்னிப்புன்னு அடுத்த கோர்ட்ல கேப்பாங்க. இங்க விட்ட வார்த்தை அங்க போய் உங்கள உள்ள தள்ளும். கேஸ் முடியறவரைக்கும் அந்தப் பக்கம் தலையக்கூட ஆட்டாதீங்க."

மாமா பேனாவை எடுக்கவில்லை. அக்காதான் எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"போடுங்க. மன்னிப்பு கேட்டுட்டு நீங்க ஜெயில்ல நிம்மதியா தூங்கிடுவீங்க. நானும் பிள்ளைங்களும் எங்க தூங்கறது?"

மாமா கையெழுத்துப் போட்டார்.

(வக்கீலைக் கொஞ்சம் கொடியவராக எழுதிவிட்டேனோ? முதல் பிரதியில் அவருக்குத் தங்கப்பல் கூட வைத்திருந்தேன், பிடுங்கிவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. வகுப்புத் தேர்வில் அந்த மூன்றாம் பத்தியை அப்படியே நானும் எழுதினேன். ஆசிரியர் 'சரி' போட்டார்.)

5

தாழ்வாரம். பதிலுரையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். சண்டை போட வந்தவள் போலத் தெரியவில்லை. விலாசம் விசாரிக்கிறவள் மாதிரி நின்றாள்.

"அண்ணே, நான் அவரோட பொண்டாட்டி இல்லையாண்ணே?"

மாமா தரையைப் பார்த்தார். அக்கா அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பெண் அக்காவிடம் திரும்பினாள்.

"அப்ப, நீங்க யாருக்குக்கா தலை பின்னிவிட்டீங்க?"

மாமா வாயைத் திறந்தார்.

6

முடிவு ஒன்று: அவர் பேசுகிறார். வீடு போகிறது, அவரும் உள்ளே போகிறார். அக்கா என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், படித்தவள்தானே நீ என்பதுபோல.

முடிவு இரண்டு: அவர் பேசவில்லை. ஒருவேளை விடுதலைகூட ஆகிறார். அந்தப் பெண் சர்டிபிகேட்டோடு கூண்டேறி, செத்தவருக்குத் தான் மனைவிதான் என்று நிரூபிக்கிறாள்.

முடிவு மூன்று: பிரேக் பிடிக்கிறது. காவலாளி கதவைத் திறந்துகொண்டு வெளியே... (அடித்துவிட்டேன். இதற்குப் பெயர் கதை இல்லை, கெஞ்சல்.)

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வழக்கு இன்னும் முடியவில்லை, இந்தத் தாள்களையும் யாராவது கேட்டு வாங்கலாம். மூன்றாம் பகுதியில் ஏற்கெனவே அதிகமாகச் சொல்லிவிட்டேன். அதனால்தான் தலைப்பிலேயே அதை மறுத்துவைத்தேன். பார்த்தீர்களா, மறுக்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

நீங்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. உங்கள் வார்த்தையை எந்தக் கோர்ட்டுக்கும் எடுத்துப் போக முடியாது. அவள் இன்னும் அந்தத் தாழ்வாரத்தில் நகலோடு நிற்கிறாள்.

நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்.