மெருன்காவுக்கு ஒரு வீடு

மிலாடா காலை ஷிஃப்ட் முடித்து, ட்ராமை டிப்போவில் விட்டுவிட்டு, நான்காவது மாடி ஏறி வந்து கதவைத் திறந்தபோது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பாம்பு இருந்தது. எதிரில் சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கணவன் போஹுஷ், முழங்காலில் கையை ஊன்றி, கால்பந்து பார்க்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"சோளப் பாம்பு," என்றான், திரும்பாமலே. "விஷம் கிடையாது. கடிக்கவும் கடிக்காது. முடி கொட்டாது."

கடைசிச் சொல்லில்தான் விஷயம் இருந்தது. வசந்தத்தில் போஹுஷைப் பரிசோதித்த மார்பு நோய் டாக்டர், வீட்டில் ரோமம் உள்ள எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய நாய் ரேக்கை ஓபாவா ஊரில் இருக்கும் போஹுஷின் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வரும் பேருந்தில் போஹுஷ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து பகல் முழுக்க அவன் இந்த வீட்டில் தனியாக இருந்தான். வாழ்நாளில் பாதியை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கழித்தவன். சுரங்கக் கம்பெனி டாக்டர் அவன் நுரையீரலின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது கரித்தூளால் வந்ததில்லை, சிகரெட்டால் வந்தது என்று எழுதினான். போஹுஷ் பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. அன்றைக்கு மிலாடா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அவன் தொப்பியை மடித்துக்கொண்டே வந்து, "விடு மிலா. அந்தாளுக்கும் மேல ஆள் இருப்பாங்க, அவரு என்ன பண்ணுவாரு," என்றான். உள்ளே போய்க் கத்த வேண்டும் என்று எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அந்தக் கோபம் அவளுக்குள் இன்னும் உட்காரவில்லை.

இப்போது இது. அவள் கோட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள். பழுத்த பாதாமிப் பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில், பென்சில் தடிமனில், ஒரு சுருள். பெட்டி ரொட்டி சுடும் தட்டின் அளவுதான் இருந்தது. அடியில் சூடேற்றும் விரிப்பு ஒன்று ஒட்டப்பட்டு, அதன் வயர் நேராகச் சுவர் பிளக்குக்குப் போயிருந்தது. உள்ளே மரச்சுருள், தண்ணீர்க் கிண்ணம், பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மண்டையோடு. மரச்சுருளில் இருந்து பைன் வாசனை மூக்கைத் துளைத்தது. போஹுஷ் இருமினான்.

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"முதல் தடவை வளக்கறவங்களுக்குன்னே முழு செட்டு இருக்குது மிலா. எல்லாம் அதிலேயே இருக்குது. கடைக்காரத் தம்பி ரொம்ப நல்லவன், அரை மணி நேரம் நின்னு சொல்லிக் குடுத்தான்."

"இது வளராதா?"

"பெட்டி சின்னதா இருந்தா அதுக்கேத்த மாதிரிதான் வளருமாம்."

மிலாடா நிமிர்ந்தாள். "அப்படியா? இந்த ஃப்ளாட்டும் சின்னதுதான். உன் தொப்பைக்கு இது ஏன் தெரியல?"

ஒரு வாரத்தில் அது இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று சொன்னாள். சொன்ன ஒரு வாரம் போனது. போஹுஷ் அதற்கு மெருன்கா என்று பெயர் வைத்தான், செக் மொழியில் பாதாமிப் பழம் என்று. அவள் அந்தப் பெயரை உச்சரிக்க மறுத்தாள். "அது", "உன்னுது" என்றே சொன்னாள். ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது கண் அந்தப் பக்கம் போனது. அப்படிப் போன கண்தான் முதலில் கவனித்தது: எப்போது பார்த்தாலும் அது தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. மண்டையோட்டுக்குள் போகவே இல்லை. தீனியாகப் போட்ட இரண்டாவது எலிக்குஞ்சையும் தொடவில்லை.

"குளிக்கப் பிடிக்குது போல," என்றான் போஹுஷ்.

"நவம்பர் மாசத்துல எவன் நாள் பூராக் குளிப்பான்?" மிலாடா பெட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டாள். அடுப்புத் தட்டு போலச் சுட்டது. "இதுக்குச் சூட்டைக் குறைக்கிற திருகு எங்கே?"

"தெர்மோஸ்டாட்டா? அது தேவையில்ல, வீண் செலவுன்னு அந்தத் தம்பிதான்…"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைத் திறந்தாள். போஹுஷை நகர்த்திவிட்டு அவளே கையை விட்டாள். பாம்பு வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று இத்தனை வயது வரை நம்பியிருந்தாள். அது உலர்ந்து, மெத்தென்று, நல்ல தோல் பெல்ட் போல இருந்தது. விரல்களுக்கிடையே தயங்கித் தயங்கி ஊர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். வயிற்றில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், வரிசையாக, ஒழுங்காக. நடுவில் மட்டும் கட்டங்கள் இல்லை. அந்த இடம் பழுப்பும் சிவப்புமாக, ஓரம் உரிந்து, இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய துணி போல இருந்தது.

போஹுஷ், "நான்தான் பிளக்கைப் போட்டேன்," என்றான்.

"நீ போட்டே. போடச் சொன்னது யாரு?"

ஊர்வன பார்க்கும் மருத்துவர் நகரத்தின் மறுகோடியில் இருந்தார். டாக்டர் ஹவ்ரான்கோவா, மெலிந்த இளம்பெண், பாம்பைத் துண்டில் ஏந்தி விளக்கின் கீழே பார்த்துவிட்டு, "முழு செட்டா?" என்று மட்டும் கேட்டார். மிலாடா தலையாட்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டார். இந்த மாதத்தில் இது முதலாவது இல்லை என்றார். வெள்ளிச்சத்துள்ள களிம்பு கொடுத்தார். மரச்சுருள் கூடாது, புண் ஆறும்வரை வெறும் காகிதத் துண்டு விரியுங்கள். பெட்டியின் ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஓரிடம். எங்கே இருப்பது என்பதை அதுவே முடிவு செய்யட்டும். சூட்டை அளந்து நிறுத்தும் கருவி இல்லாமல் எதையும் பிளக்கில் மாட்டாதீர்கள். வளர்ந்தால் உங்கள் இடுப்புயரத்தைத் தாண்டிவிடும், அது முழுக்க நீட்டிப் படுக்க இடம் வேண்டும். பிழைக்குமா என்று போஹுஷ் கேட்டான். சட்டை உரிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரியாகும், முதலில் சாப்பிடட்டும், என்றார் டாக்டர். ஆம் என்று அவர் சொல்லவில்லை என்பதை மிலாடா கவனித்தாள்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். மெருன்காவை ஒரு துணிப்பைக்குள் இட்டு, பையைக் கோட்டுக்குள்ளே வைத்துக்கொண்டாள். போஹுஷ் வர மாட்டேன் என்றான். "தெரியாம சொல்லியிருப்பான் மிலா. சின்னப் பையன்."

"தெரியாதவன் தெரியாதுன்னு சொல்லணும். கோட்டை எடு."

கடை ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் ஓட்டுவாள். முன்கையில் பல்லி பச்சை குத்திய இளைஞன் கல்லாவில் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் அதே பெட்டிகள், அதே விரிப்பு, அதே மண்டையோடு, கூரைவரை அடுக்கியிருந்தது. மிலாடா பையைத் திறந்து வயிற்றைக் காட்டினாள்.

"இது எங்க தப்பு இல்ல மேடம்," என்றான் அவன், பார்த்த வேகத்திலேயே. "பெட்டியை வெயில்ல வெச்சிருப்பீங்க."

"நவம்பர்ல ஒஸ்ட்ராவாவுல வெயிலா? தம்பி எந்த ஊரு?"

"இல்லேன்னா ரேடியேட்டர் பக்கத்துல. இல்லேன்னா எதையாவது மேல ஊத்தியிருப்பீங்க. பெரியவங்க சில பேரு சொன்னதை சரியா வாங்கிக்க மாட்டாங்க, தப்பா நினைக்காதீங்க." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "பரவாயில்ல, சண்டை வேண்டாம். இதைக் குடுத்துட்டுப் போங்க. வேற ஒண்ணு மாத்தித் தரேன். அதே நிறம்."

"இதை என்ன பண்ணுவே?"

அவன் தோளைக் குலுக்கினான். "இதை இனிமே யாரு வாங்குவா?"

"வலிக்குதுடா அதுக்கு."

"பாம்புக்கு என்ன மேடம் வலி தெரியும்?"

கதவில் காலை வைத்து ட்ராமை நிறுத்துகிறவர்கள், சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்கள், குடித்துவிட்டுப் பாடுகிறவர்கள், எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் இறக்கிவிடத் தெரிந்த மிலாடாவுக்கு அப்போது வாய் வரவில்லை. அவள் குனிந்து பையின் வாயை இறுக்கினாள். அந்த இடைவெளியில்தான் பக்கத்தில் இருந்து குரல் கேட்டது.

"நான் சிகரெட் பிடிச்சதே இல்ல," என்றான் போஹுஷ்.

"என்னங்க?"

"ஒரு தடவைகூட. எல்லாரும் பிடிச்சாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்ததும் வரிசையா நின்னு பிடிப்பாங்க, நான் தள்ளி நின்னு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பேன்." அவன் தொப்பியை மேஜைமேல் வைத்தான். "நீ சொன்னதைத்தான் செஞ்சேன். இங்க மாட்டுன்னே, மாட்டினேன். அது வேண்டாம்னே, வாங்கல. சொன்னபடி செஞ்சவன்கிட்டயே வந்து, நீதான் தப்பு பண்ணேன்னு… ஒவ்வொரு தடவையும் எங்க தப்பாவே எப்படிடா இருக்கும்? ஹான்? ஒவ்வொரு தடவையும்?"

கடைசிச் சொல் இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. வரிசையில் பூனைத் தீனியோடு நின்ற பெண்மணி பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இளைஞன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். போஹுஷ் வாங்கவில்லை. அந்த இளைஞன் அலமாரியில் இருந்து ஒரு தெர்மோஸ்டாட்டை எடுத்து, "இதை வெச்சுக்கோங்க, சும்மாவே," என்று நீட்டினான். அதையும் போஹுஷ் வாங்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக, மனைவிக்கு முன்னால் நடந்து வெளியேறினான்.

ட்ராமில் மிலாடா அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். கோட்டுக்குள்ளே மெருன்கா அவள் விலாவோடு ஒட்டி நகர்ந்தது.

"அந்தத் தெர்மோஸ்டாட்டை வாங்கியிருக்கலாம்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "புதுசா இருந்துது."

"அவன் மூஞ்சியிலேயே அடிச்சிருப்பேன்."

"அடிச்சிட்டு வாங்கியிருக்கலாம்."

கடையில் பெட்டிகள் கூரைவரை அப்படியேதான் இருந்தன. அடுத்த வாரமும் அவள் ட்ராமின் கண்ணாடி வழியாக அவற்றைப் பார்த்தாள். ஒன்றிரண்டு விற்றுக்கூடப் போயிருந்தன. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம், தண்டவாளத்தில் ஈ காக்கை இல்லாத நேரத்திலும், பெடலை மிதித்து மணி அடித்துக்கொண்டே போனாள். பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். பாம்பு குறுக்கே வந்தது என்றாள்.

பாம்புக்குப் புது வீட்டை அவளே தேர்ந்தெடுத்தாள். கூடத்துச் சுவர் நெடுக நின்ற அலமாரியில் நடுப்பகுதி கண்ணாடிக் கதவு போட்டது. அதில் கல்யாணத்துக்கு வந்த படிகக் கிண்ணங்களும் கோப்பைகளும் நின்றன. யாரும் அதில் குடித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் துடைப்பதோடு சரி. அவள் அவற்றை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். குறுக்குத் தட்டுப் பலகைகளைக் கழற்றியபோது உள்ளே அகலம் நன்றாக இருந்தது. ஓர் ஆள் முழங்காலை மடக்கிப் படுக்கலாம்.

காற்றுக்குத் துளை போட வேண்டும். மரத்தூள் போஹுஷுக்கு ஆகாது என்பதால் அவனைச் சமையலறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அலமாரியின் பின்பலகையைப் பால்கனிக்குத் தூக்கிப் போய் மிலாடாவே துளையிட்டாள். சமையலறை ஜன்னல் பால்கனியைப் பார்த்திருந்தது. அவன் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு கத்தினான்.

"சாயுது! நேராப் பிடி!"

"நான் நேராத்தான் பிடிக்கிறேன், நீதான் சாஞ்சு பாக்கறே!"

"ஓட்டை பெருசு மிலா, அது தப்பிச்சு ஓடிரும்!"

"வலை அடிக்கப் போறேன்டா, வலை! வாயை மூடு, தூசு போகும்!"

கீழ்வீட்டுக்காரி பால்கனியில் இருந்து தலையை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதென்ன அக்கிரமம் என்றாள். மிலாடா எட்டிப் பார்த்து, அக்கிரமத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மேலே வாருங்கள், சாயங்காலம்வரை பேசுகிறேன் என்றாள். அவள் வரவில்லை.

துளைகளுக்குமேல் நெருக்கமான வலை அடித்து, இடுக்குகளைப் பூசி, தூளை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தபிறகே போஹுஷை உள்ளே விட்டாள். மீதியை அவன் செய்தான். வேறொரு கடையில் வாங்கிய வெப்ப பல்பை ஒரு மூலையில் மேலே பொருத்தி, பாம்பு தொட முடியாதபடி கம்பிக் கூண்டு மாட்டினான். அங்கேயே வாங்கிய தெர்மோஸ்டாட்டின், சூட்டை அறியும் உணர்முனையைச் சூடான பக்கத்தில் ஒட்டினான். சூடு ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறுவதைப் அலமாரி காலியாக இருக்கும்போதே ஒரு நாள் முழுக்க வெப்பமானியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் தக்கைப் பட்டை ஒன்று, அந்தப் பக்கம் வாயை உடைத்துக் கவிழ்த்த பூந்தொட்டி ஒன்று. குறுக்கே ஒரு கிளை. தண்ணீர்க் கிண்ணம். அடியில் வெள்ளைக் காகிதத் துண்டுகள். கதவுக்கு, கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் போடுவார்களே, அந்த மாதிரிப் பூட்டு. பூட்டைத் தானே பத்துத் தடவை இழுத்துப் பார்த்தான்.

மிலாடா களிம்பு தடவி மெருன்காவை உள்ளே விட்டாள். அது பூந்தொட்டிக்குள் போய் மறைந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பனி உருகச் சூடாக்கிய எலிக்குஞ்சை ஒரு தட்டையான கல்லின்மேல் வைத்துவிட்டு, ஆள் பார்த்துக்கொண்டு நின்றால் சாப்பிடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்து, இருவரும் கூடத்தை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நடையில் உட்கார வேறு இடமில்லை. செருப்புப் பெட்டிமேல் ஒட்டி உட்கார்ந்தார்கள். போஹுஷின் மூச்சு, எப்போதும்போல, தூரத்தில் யாரோ காகிதம் கசக்குவது போலக் கேட்டது.

"வந்துச்சா?" என்றான் கிசுகிசுப்பாக.

"எனக்கென்ன தெரியும்? நீ காலை எடு, என் கால் மரத்துப் போச்சு."

கூடத்துக் கதவில் அலை அலையாக வார்த்த கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியே எதுவும் ஒழுங்காகத் தெரியாது; பல்பின் மஞ்சள் வெளிச்சமும், அலமாரியின் பழுப்பும் மட்டும் கலங்கித் தெரிந்தன. மிலாடா நெற்றியை அதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு காகிதத் துண்டின் வெள்ளைமேல் ஒரு செம்மஞ்சள் கோடு தோன்றியது. கண்ணாடியின் ஒவ்வோர் அலையிலும் உடைந்து, அடுத்த அலையில் ஒட்டிக்கொண்டு, அது நீண்டது, இன்னும் நீண்டது, அலமாரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியை நோக்கி. எந்த முனை தலை, கல்லை நோக்கிப் போகிறதா அதைத் தாண்டிப் போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பின்னால் நீட்டி, போஹுஷின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.