பொத்திப் பொத்தி வைத்த காற்று

குளத்தில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை வெட்டி, நறுக்கி, சாணத்தோடு கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் அடுப்பெரியும் என்று யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் அப்படியே நம்பிவிட்டார். கொல்லையில் இரும்புத் தொட்டி வந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் காற்றைப் பிடித்து வைக்க ஒரு பெரிய ரப்பர் பை. நறுக்கியது யார்? நான்தான். எத்தனை சோப்பு போட்டும் என் மேல் குளத்து நாற்றம் போகவில்லை.

பை மெல்ல உப்பியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வெயில் படக்கூடாதென்று என் நல்ல போர்வையை எடுத்து அதற்குப் போர்த்தினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படிப் போர்த்தியதில்லை. ஒரு பொட்டுக் காற்று வெளியே போகாமல் காவல் காத்தார்.

சிலிண்டர் தீர்ந்த அன்று சொல்லிவிட்டேன். "இன்னிக்கு இது எரியலைன்னா தொட்டி எங்கண்ணன் கடைக்குப் போயிடும்."

அண்ணனுக்குப் பழைய இரும்புக் கடை. போனில் சொன்னதுதான் தாமதம், வண்டியோடு வந்து நின்றான்.

அவர் குழாயை அடுப்பில் மாட்டித் தீக்குச்சியை நீட்டினார். குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

"மாப்ளே, இதைத் தீயணைப்பு வண்டிக்குக் குடுத்துடலாம்!" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது. நறுக்கியவள் நானல்லவா?

"பை உப்பியிருந்தா வண்டியில ஏத்த முடியாது. காத்தை இறக்கி வை, காலையில வர்றேன்" என்று அவன் கிளம்பினான்.

ஆத்திரத்தோடு பையின் வால்வைத் திருகினேன். புஸ்ஸென்று மொத்தமும் போனது. போகப் போக எனக்கே அழுகை வந்தது. நாற்றம் தாங்காமல் மூடிவிட்டு வந்தேன்.

காலையில் பார்த்தால் பை மறுபடி எழுந்திருந்தது. சந்தேகத்தோடு அடுப்பில் குச்சியைக் கிழித்தேன். குப்பென்று நீலமாகப் பற்றியது! டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, தொட்டி விற்றவருக்குப் போன் போட்டேன்.

"முதல்ல வர்ற காத்து எரியாதும்மா, திறந்து விட்டுடணும். உங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். டீயைக் கொடுத்தேன். காலி சிலிண்டரைப் பார்த்தான், எரிகிற அடுப்பைப் பார்த்தான். "இன்னொரு டம்ளர் இருக்கா?" என்றான்.

"தொட்டியை ஏத்தியாச்சா?" என்று உள்ளேயிருந்து செத்த குரல் வந்தது. அவருக்கும் டீ கொண்டுபோனேன். ஒரு மடக்கு குடித்தவர் நிமிர்ந்தார்.

"சிலிண்டர்தான் தீந்துபோச்சே, இது எதுல போட்ட?"

நான் சிரித்தேன். டம்ளரைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். போர்வையை விலக்கிப் பையைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"நேத்தைவிடக் காத்து குறைஞ்சிருக்கே! யாரு திறந்து விட்டது?"

"அண்ணா, வந்த வண்டி சும்மா போக வேணாம்" என்றேன். "இவரை ஏத்திக்கிட்டுப் போ."