பின்வரிசை பெஞ்சுகள்

“இழுக்காதம்மா, தூக்கு. கீழ கிளாஸ் நடக்குதுல்ல,” என்றார் மதர். பெஞ்சின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். அங்கியின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் பின்பக்கமாக இறங்கினார். பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரி என்னோடு சேர்ந்து பெஞ்சு சுமக்கிறார் என்றால் என் நாட்டில் இருக்கும் அக்கா நம்பவே மாட்டாள்.

மறுநாள் பிஷப்பின் ஆயர் இல்லத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. ஊரில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு. இரண்டிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் ஒன்றை மூடி மற்றதோடு சேர்க்கப்போகிறார்கள். எதை மூடுவது என்பதுதான் முடிவாகவில்லை. எங்கள் வகுப்புகளில் முன்னால் ஒன்றிரண்டு வரிசை தலைகள் தெரியும். அதற்குப் பின்னால் சுவர்வரைக்கும் காலி பெஞ்சுகள்தான்.

“சாவு வீடு மாதிரி இருக்கு. காலியா கெடக்கறத எடுத்துட்டா வகுப்பு நிறைஞ்சு தெரியும்,” என்றார் மதர்.

வழியில் வந்த கணக்கு சார் மறுமுனையில் எனக்குக் கை கொடுத்தார். “சாவு வீட்ல கூட்டமாவது இருக்கும் மதர்.”

மதர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இந்தப் பள்ளியைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. ஜெபக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் என் வீடு. இந்த வேலைக்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்தவள் நான்; பள்ளி இருக்கும்வரைதான் இந்த நாட்டில் தங்க எனக்கு அனுமதி. கன்னியர் பள்ளிக்கு வெளியே வேறு வேலை தேடிக்கொள்ள நினைத்தாலும் சட்டம் விடாது. அதனால் அந்தப் பெஞ்சுகளை மதரைவிட நான்தான் வேகமாகத் தூக்கினேன். கிடங்கு நிறைந்தது. அவரே பூட்டி, சாவியை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கிடங்கிலிருந்து திரும்பும் தாழ்வாரத்தில்தான் வருடா வருடம் எடுத்த கடைசி வகுப்புப் படங்கள் தொங்குகின்றன. துணி ஆலைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களுக்காகக் கன்னியர்கள் தொடங்கிய பள்ளி இது. ஆரம்பக் காலப் படங்களில் பிள்ளைகள் தரையில், நாற்காலியில், பெஞ்சில், பெஞ்சுமேல் போட்ட பெஞ்சில் என்று மாடி ஜன்னலையே மறைத்து நிற்கிறார்கள். முகமெல்லாம் கடுகு கடுகாக இருக்கும். ஆலை மூடிய பிறகு வரிசைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பிள்ளைகள் குறையக் குறைய கேமரா கிட்டே வந்திருக்கிறது. போன வருடப் படத்தில் ஒரு பெண்ணின் கன்னத்துப் பருகூடத் தெரிகிறது. துடைக்கும்போது அந்தப் பெரிய முகங்களைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும்.

ஒரு பழைய படத்தில் ரெட்டைச் சடையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் மதர். “சொல்லாமகொள்ளாம பட்டன அமுக்கிட்டான் அந்த கேமராக்காரன்,” என்று இன்னமும் அவருக்குக் கோபம்.

வந்தவர்கள் இரண்டு பாதிரியார்கள். இளையவர் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று எட்டிப் பார்த்தார். இருந்த பெஞ்சுகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மதரின் முகத்தில் அப்படியொரு பெருமை.

“பாருங்க ஃபாதர், ஒரு இடம்கூட காலி இல்ல.”

“அதான் மதர் பாக்கறேன்,” என்றார் அவர். “அந்தப் பள்ளிப் பிள்ளைங்க இங்க வந்தா எங்க உக்காருவாங்க?”

தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் எண்ண வந்தது தலைகளை அல்ல, காலி இடங்களை. மதருக்கும் அதே நொடியில் புரிந்திருக்க வேண்டும். “பெஞ்சு இருக்கு ஃபாதர், நெறய இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே கிடங்குக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. கதவு திறந்ததும் கூரைவரைக்கும் அடுக்கியிருந்த பெஞ்சுகளைப் பார்த்து மூத்த பாதிரியார் சிரித்தார்.

“வேற என்னத்தயெல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கீங்க மதர்?”

விளையாட்டாகத்தான் கேட்டார். மதர் ஒரு பெஞ்சை இழுத்து இறக்கப் போனார். மற்றப் பள்ளியே இருக்கட்டும், எங்களுடையதை மூடிவிடலாம் என்று பிறகு தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

“இந்த பெஞ்சால மட்டும் இல்ல மதர்,” என்று கணக்கு சார் தேற்றினார்.

“பெஞ்சாலயும்தான் சார்,” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “உனக்காக அந்த ஸ்கூல் மதர்கிட்ட வேல கேட்டேன்மா. அவங்ககிட்ட ஆள் இருக்காம்.”

அன்று அக்கா தொலைபேசியில் பேசினாள். “என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? வேல எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுதுக்கா. தூசி, அதான்.”

“ஸ்கூலயே தொடச்சு வெக்கிற, ஒனக்கே தூசியா?” என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

கடைசிப் படம் எடுக்கும் நாளில் மதர் கிடங்கைத் திறக்கச் சொன்னார். எல்லாப் பெஞ்சுகளையும் முற்றத்துக்குத் தூக்கிவந்து, பழைய படங்களில் இருப்பது போலவே பெஞ்சின்மேல் பெஞ்சாக ஜன்னல்வரைக்கும் அடுக்கினோம். பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். ஒரு வரிசைகூட முழுதாக நிறையவில்லை.

“பின்னாடி எல்லாம் காலியா இருக்கே மதர், எடுத்துரலாமா?” என்று கேட்டார் கேமராக்காரர்.

“வேணாம். இந்தத் தடவ எதையும் எடுக்க வேணாம். எல்லாம் படத்துல வரணும்.” என்னைப் பார்த்தார். “தொடப்பத்த வெச்சுட்டு மேல ஏறு. உச்சிக்குப் போ.”

கணக்கு சார் கை கொடுக்க, தடுமாறி ஏறினேன். அங்கிருந்து என் அறையின் ஜன்னல் தெரிந்தது, கொடியில் என் துண்டு காய்வதும் தெரிந்தது. கீழே மதர் கண்ணை அகல விழித்துக்கொண்டு நின்றார். எல்லாப் பெஞ்சும் அடங்கவில்லை என்று கேமராக்காரர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்கே போய்விட்டார். நாங்கள் அசையாமல் நின்றோம்.